சீட்டின் முதுகில் ஒரு புள்ளி

தங்கையின் பேரன் போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். விஸ்காம் படித்துவிட்டு ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரைகிறான். என்னிடமிருந்து அவனுக்குத் தொற்றிக்கொண்ட வியாதி ஒன்று உண்டு. சீட்டுக்கட்டு மேஜிக். நாலு வயதில் அவன் காதுக்குப் பின்னாலிருந்து எட்டணா எடுத்துக் காட்டினேன், அன்றைக்குப் பிடித்தது.

இப்போது சொந்தமாக ஒரு சீட்டுக்கட்டே தயார் செய்துகொண்டிருக்கிறான். முகப்பில் ராஜா ராணியெல்லாம் வழக்கம்போல. முதுகில் சிக்குக் கோலம். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளியும் வெள்ளை இழையுமாகப் பார்க்கவே அழகாக இருக்கிறது. சிவகாசியில் அச்சடிக்க விசாரித்து வைத்திருக்கிறான். மேஜிக் செய்கிறவர்கள், சேகரிப்பவர்கள், வீட்டில் சும்மா விளையாடுகிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது திட்டம்.

"எல்லாம் ரெடி தாத்தா. ஒரே ஒரு டவுட்டு. மார்க் போடலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன். யோசிக்காமல் சொன்னது அவனுக்கு ஆச்சரியம். ஏன் என்று கேட்டான். அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான்.

மார்க் என்றால் என்னவென்று சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். சீட்டின் முதுகுப் பக்கம் எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பூவேலைக்குள் ஒவ்வொரு சீட்டிலும் துளியூண்டு மாற்றம் செய்துவிட்டால், தெரிந்தவனுக்கு அது எழுத்து, தெரியாதவனுக்கு வெறும் பூ. பையன் யோசித்து வைத்திருந்தது கடிகார முறை. மிகப் பழைய முறைதான், அதனால் சொல்வதில் தப்பில்லை. நடுப் பூவைச் சுற்றிப் பன்னிரண்டு புள்ளி. ஒரு மணி இடத்தில் புள்ளி இல்லாவிட்டால் ஆஸ், ஏழு மணி இடத்தில் இல்லாவிட்டால் ஏழு, பதினொன்று ஜாக்கி, பன்னிரண்டு ராணி, எல்லாப் புள்ளியும் இருந்தால் ராஜா. ஸ்பேடா ஆர்ட்டினா என்பதற்கு மூலையில் வேறொரு குறி. சீட்டு தலைகீழாக இருந்தாலும் படிக்க வேண்டுமே, அதற்காக மேலே ஒரு பூ, கீழே ஒரு பூ.

அடையாளச் சீட்டு இன்று நேற்று வந்ததல்ல. இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1594 வாக்கில் வரைந்த 'சீட்டு ஏமாற்றுக்காரர்கள்' என்ற படம் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில், கிம்பெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை அப்பாவியாகச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். பின்னால் நிற்கிற ஆள் அவன் கையில் இருப்பதைப் பார்த்து எதிரிக்கு விரலால் சைகை காட்டுவான். அந்த ஆளின் கையுறையைப் பாருங்கள், விரல் நுனியில் கிழிந்திருக்கும். சீட்டில் செய்த அடையாளத்தைத் தடவிக் கண்டுபிடிக்கத்தான் அது என்று சொல்வார்கள். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆசாமி. அதற்கும் முன்னால் நம்மிடம் சகுனி இருக்கிறார், ஆனால் அது சீட்டல்ல, பகடை.

ஏமாற்றுக்காரர்களிடமிருந்து இந்தச் சரக்கை மேஜிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தியோடர் டிலாண்ட் என்பவர் மேஜிக்குக்கென்றே அடையாளமிட்ட கட்டு தயாரித்தார். இன்றைக்கு 1887இலிருந்து வரும் சைக்கிள் தேவதைப் படம் போட்ட பைசிக்கிள் கட்டு மாதிரியே தோற்றம் உள்ள மார்க் கட்டுகள் கிடைக்கின்றன. 2009இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் வந்த பிறகு, வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டிப் புதுப்புதுக் கட்டுகள் அச்சடிக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் ரகசிய அடையாளமும் இலவச இணைப்பாக வருகிறது.

பையன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். கையை மறைத்துச் செய்யும் வித்தைக்கு வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும். மார்க் இருந்தால் கட்டைப் பார்வையாளரிடமே கொடுத்துவிடலாம். அவரே கலைக்கட்டும், அவரே எடுக்கட்டும். நாம் தொடவே வேண்டாம், முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வாயைப் பிளப்பார்கள். எனக்கு 74 வயது. விரல் முட்டிகள் காலையில் மடங்குவதற்கே அரை மணி நேரமாகிறது. நியாயப்படி நான்தான் மார்க் வேண்டும் என்று கொடி பிடிக்க வேண்டும். ஆனால் கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அந்தப் புள்ளி தெரிய வேண்டுமே! படிப்பதற்கு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜிக் செய்தால் எதிரில் இருப்பவன் சிரிப்பான்.

மார்க் இல்லாமல் முடியாது என்பதும் உண்மையில்லை. வீட்டிலிருக்கும் எந்தக் கட்டையும் எடுத்து ஆஸ், நாலு, ஏழு, பத்து, ராஜா, மூன்று என்று மும்மூன்றாக ஏற்றி, கிளாவர், ஆர்ட்டின், ஸ்பேடு, டைமண்ட் என்று இனத்தையும் வரிசையாக மாற்றி அடுக்கிப் பாருங்கள். ஜாக்கிக்கு 11, ராணிக்கு 12, ராஜாவுக்கு 13. எத்தனை தடவை வெட்டினாலும் அந்தச் சுற்று கெடாது, கலைக்க மட்டும் கூடாது. ஒருவர் எடுத்த சீட்டுக்கு மேலே இருந்த சீட்டை நைசாகப் பார்த்தால் போதும், மூன்றைக் கூட்டி அடுத்த இனத்தைச் சொல்லிவிடலாம். சை ஸ்டெபின்ஸ் அடுக்கு என்று பெயர், நூறு வருஷத்துக்கு மேலாகப் புத்தகங்களில் இருப்பது. பேரப்பிள்ளைகளிடம் காட்டுங்கள், யார் சொல்லிக்கொடுத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

டெக்ஸாஸ்காரர்தான் ரிச்சர்ட் டர்னரும். கண் பார்வையே கிடையாது. சீட்டை விரலால் தொட்டே உலகத்தை மிரட்டியவர். 2017இல் 'டெல்ட்' என்று அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. எப்படிப்பட்ட மார்க் போட்டு அச்சடித்துக் கொடுத்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஆனால் நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதெல்லாம் இல்லை.

1984. சேலத்தில் வேலை. ஆபீசின் மனமகிழ் மன்றத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரம்மி நடக்கும். பாயிண்டுக்கு ஐந்து பைசா. நான், கேஷியராக இருந்த என் நண்பர், இன்னும் நாலைந்து பேர். கேஷியர் நண்பர் என்று சொன்னால் போதாது. என் பெரியவளுக்கு மூச்சு இழுத்த ராத்திரியில் சைக்கிளில் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்த மனிதர்.

அந்த வருஷம் மன்றத்தின் ஆண்டு விழாவில் என் மேஜிக். அதற்காகக் கல்கத்தாவிலிருந்து வி.பி.பி.யில் ஒரு மார்க் கட்டு வரவழைத்திருந்தேன். சிவப்பு முதுகு, இலை வேலைப்பாடு. விழா நன்றாக நடந்தது, கைதட்டல் பலமாக இருந்தது. மேசை நாற்காலியை ஒதுக்குகிற அவசரத்தில் யாரோ அந்தக் கட்டை மன்றத்து அலமாரியில் மற்றக் கட்டுகளோடு வைத்துவிட்டார்கள். நான் அதைத் தேடவும் இல்லை.

ரம்மிக்கு இரண்டு கட்டு சேர்ப்போம் அல்லவா? பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் என் கையில் பதின்மூன்று சீட்டு வந்தது. எதிரே கேஷியர் சீட்டை விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருக்கிறார். சிவப்பு இலை. இடமிருந்து இரண்டாவது, டைமண்ட் ஒன்பது. படித்தேன் என்று சொல்ல மாட்டேன். படிக்கக் கற்றுக்கொண்டவன் கண்ணில் கடைப் பலகை பட்டால் எழுத்துக் கூட்டியா பார்க்கிறான்? தானாக உள்ளே போய்விடுகிறது.

அந்த நிமிஷமே சீட்டைக் கீழே வைத்து, "இது என் மேஜிக் கட்டு, மாற்றுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பத்து நாள் முன்பு நான் வாங்கிய கைதட்டல் என்னாவது? வித்தை ரகசியத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார்க்கக் கூடாது என்று கூரையைப் பார்த்தேன், டியூப் லைட்டைப் பார்த்தேன். நல்ல சீட்டு இருந்தும் ஒரு ஆட்டம் ஸ்கூட் விட்டேன். மறுநாளும் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் ஜெயித்தது 11 ரூபாய் 40 பைசா. அதில் எத்தனை பைசா என் மூளை, எத்தனை பைசா அந்த இலை என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் டெஸ்பாட்ச் பையன் ஒருவன் சும்மா விளையாட்டுக்குக் கட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் சர்ரென்று விட்டுப் பார்த்தான். மார்க் கட்டைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. ஒழுங்கான கட்டு என்றால் படம் அசையாமல் நிற்கும், மார்க் கட்டு என்றால் மார்க் இருக்கிற இடம் மட்டும் சினிமா மாதிரி துள்ளும். இலை துள்ளியது. யாருடைய கட்டு என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கேஷியர் நண்பர் சத்தம் போடவில்லை. "ரெண்டு நாளா, இல்ல ஆறு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்று சொன்னேன். உண்மை அதுதான். ஆனால் இரண்டு நாள் வாயைத் திறக்காதவன் சொல்கிற கணக்கை அவர் ஏன் நம்ப வேண்டும்? பணத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. அதன்பிறகு ஆபீசில் "வணக்கம் சார்" என்பதோடு சரி. பெரியவள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், தந்தி வந்தது.

1968இல் செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை இறக்குவது என்று கணக்குப் போட வேண்டும் என்பது காரணம். மன்றத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமையைத்தான் நான் அழித்தேன்.

பையனுக்கு நான் சொல்ல வருவது இதுதான். மேஜிக்கில் எத்தனையோ கள்ளக் கட்டு இருக்கிறது. ஸ்வெங்காலி கட்டு என்று ஒன்று, பாதிக்குப் பாதி ஒரே சீட்டாக இருக்கும். அதை அலமாரியில் மறந்து வைத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. பிரித்துப் பார்த்த உடனே வித்தைக் கட்டு என்று காட்டிக்கொடுத்துவிடும், சிரித்துவிட்டு ஓரமாக வைப்பார்கள். மார்க் கட்டு அப்படியல்ல. 52 சீட்டும் முழுசாக, சமர்த்தாக இருக்கும். மேடையில் நிற்பவன் "உங்களை ஏமாற்றப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏமாற்றுகிறான். கட்டுக்கு அந்த அறிவிப்பு தெரியாது. மேடையிலிருந்து இறங்கி, பொங்கல் லீவில் மச்சினன்மார்கள் உட்காரும் ஜமக்காளத்துக்கு அதுபாட்டுக்குப் போய்விடும்.

அதுவும் நீ கடையில் விற்கப் போகிறாய். அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறவருக்கு அதில் மார்க் இருப்பதே தெரியாது. என்றைக்கோ ஒருநாள் வேறொருவன் கண்டுபிடிப்பான். அன்றைக்கு அவர் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"பெட்டி மேலயே எழுதிட்டா?" என்று கேட்டான். எழுதினால் மேஜிக்காரன் பெட்டியைக் காட்ட முடியாது, வாங்க மாட்டான். அதற்கு ஒரு வழி சொன்னேன். இரண்டு விதமாக அடி. பொதுக் கட்டில் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. மேஜிக்காரர்களுக்கென்று தனியாக அடிக்கிற கட்டில், ஜோக்கர் முகத்திலேயே 'இது வித்தைச் சீட்டு, விளையாட்டுக்கு அல்ல' என்று பளிச்சென்று போடு. வித்தைக்காரன் எப்படியும் ஜோக்கரை முதலில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வான். முடிந்ததும் திரும்பச் சேர்த்து வைப்பது அவன் பொறுப்பு. இரண்டு தடவை அச்சடித்தால் செலவு ஏறுமே என்று முணுமுணுத்தான். ஏறட்டும். மார்க் இல்லாமல் நன்றாக விற்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அவனுக்குத் தோன்றவில்லை.

"அவ்வளவு பயப்படாதீங்க தாத்தா, என் மார்க்கை எவனும் கண்டுபிடிக்க முடியாது" என்று பத்துச் சீட்டு மாதிரிக்குச் செய்து வைத்துவிட்டுப் போனான். இரண்டு மூன்றில்தான் மார்க் இருக்கிறது, எது என்று கண்டுபிடியுங்கள் என்று சவால். நானும் பகலெல்லாம் லென்சை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். சர்ரென்று விட்டும் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம் காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரை வைக்க இடம் வேண்டும் என்று சீட்டை ஒதுக்கினாள். ஒதுக்கின கை அப்படியே நின்றது. மார்கழி முப்பது நாளும் அறுபது வருஷமாகக் கோலம் போடுகிறவள்.

"என்னங்க, யாரு போட்ட கோலம் இது? இதுல ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு. இதோ, இந்தச் சீட்டுலயும். பிள்ளைகிட்ட பார்த்துப் போடச் சொல்லுங்க."

அவனுக்கு இன்னும் போன் செய்யவில்லை.