கொற்கை எந்தச் சாதியின் பாட்டன் சொத்து?

கொற்கை என்றதும் பாண்டியர் துறைமுகம், முத்து, ரோமக் கப்பல் என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். அந்த முத்தை மூச்சடக்கி எடுத்தவர் யார் என்று கேட்டால் மேடை அமைதியாகிவிடுகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு பதில் சொல்கிறது: கொற்கையில் முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். ரோமச் சீமாட்டிகளின் கழுத்தில் தொங்கியது கட்டாய உழைப்பு. பழம்பெருமை பேசும் எவரும் இந்த வரியைத் தொடுவதில்லை.

இன்று அந்தத் துறைமுகம் தாமிரபரணி கொண்டுவந்த வண்டலுக்குள் கிடக்கிறது. கடல் பல கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. 1968-69இலும் 2021இலும் மாநிலத் தொல்லியல் துறை இங்கே குழி தோண்டியது. மண்வெட்டி பிடித்தவர்களும் மண் சலித்தவர்களும் சுற்றுவட்டாரக் கூலித் தொழிலாளர்கள். கீழடிப் பானையோட்டில் 'குவிரன் ஆதன்' என்ற சாதாரண மனிதரின் பெயர் இருக்கிறது. அந்த ஓட்டை மண்ணிலிருந்து எடுத்த கைக்கு உரியவரின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 'வெண்டா இசெனோரம்' என்ற புதையுண்ட ரோம நகரை உள்ளூர் மக்களே தொல்லியலாளர்களோடு சேர்ந்து தோண்டுகிறார்கள். இதைச் சமுதாயத் தொல்லியல் என்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லே பொறி. இங்கே 'எங்க சமுதாயம்' என்றால் சாதி! ஆதிச்சநல்லூர், சிவகளை, கீழடி என்று எந்தச் செய்தி வந்தாலும் 'ஆண்ட பரம்பரை' பதிவுகள் முகநூலில் முளைக்கின்றன. தாழிக்குள் கிடக்கும் எலும்பில் சாதிச் சான்றிதழ் ஒட்டப் பார்க்கிறார்கள். அவர்களிடம் அகழாய்வைக் கொடுத்தால் அது இன்னொரு குருபூஜையாகத்தான் முடியும்.

அதற்காக மக்களை வெளியே நிறுத்த முடியாது. 1876இல் யாகோர் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களை பெர்லினுக்குக் கொண்டுபோனபோது ஊரைக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. குழியில் இறங்கும் தொழிலாளர்களின் பெயர் அறிக்கையில் வர வேண்டும். அவர்களுக்குக் கூலியோடு பயிற்சியும் வேண்டும். வரையவும் பதியவும் அவர்கள் கற்க வேண்டும். கண்டதை விளக்கும் கூட்டம் ஊருக்கும் சேரிக்கும் மீனவர் குடியிருப்புக்கும் பொதுவான இடத்தில் நடக்க வேண்டும். கொற்கை பற்றிய ஒவ்வொரு காட்சிக்கூடத்திலும் முத்துக்குளித்த கைதிகளைப் பற்றி ஒரு பலகை வேண்டும்.

அந்தப் பலகை இல்லாத பெருமை நமக்கு வேண்டாம்.