அறுத்த வயலும் அழிந்த வயலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல் விளைவிப்பது வீண் வேலை என்று சொல்லும் ஒரு கூட்டம் நம்மிடையே பெருகி வருகின்றது. பொலனறுவையின் சராசரி விளைச்சலை ஒரு பக்கத்திலும் யாழ்ப்பாணத்தின் சராசரியை மறுபக்கத்திலும் வைத்து, பின்னதன் தாழ்வைக் காட்டி, வயலை மண்ணிட்டு நிரப்பி மனையாக விற்பதே புத்தி என்று இவர்கள் தீர்ப்புக் கூறுகின்றனர். இவர்களிற் சிலர் காணித் தரகர் என்பதை நாம் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அந்தச் சராசரி எவ்வாறு பிறந்தது என்று கேளாமல் இருக்க முடியாது.

முற்காலத்தில் விதானையார் வரம்பில் நின்று பார்த்துச் சொன்னதே விளைச்சல். 1950களின் தொடக்கத்திலிருந்து, வயல்களைக் குலுக்கல் முறையில் தெரிந்து, ஒரு சிறு துண்டை அளந்து வெட்டி, அடித்து, நிறுத்துக் கணக்கிடும் முறையைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கைக்கொண்டது. நல்ல முறைதான். ஆயினும் துண்டு மிகச் சிறிதானால் விளைச்சல் மிகையாகவே தோன்றும் என்று இந்தியாவில் சுகாத்மே 1946இல் எடுத்துக் காட்டினார். எல்லைக்கோட்டில் நிற்கும் கதிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் கை மனிதக் கை அன்றோ! சிறு துண்டே போதும் என்று வாதிட்ட மகலனோபிசும் சாமானியரல்லர். அறிஞர்களே முரண்பட்ட இடத்தில், நம் தரகர்களுக்கு மாத்திரம் ஐயம் எதுவும் எழுவதில்லை.

பழைய கணக்கோடு புதியதை ஒப்பிடப் புகுந்தால் சிக்கல் இன்னும் கூடும். நம்மவர் உறுதிகளில் நெல்லுப் பரப்பு என்றும் வரகுப் பரப்பு என்றும் இரண்டு உண்டு. முன்னது பன்னிரண்டு குழி, பின்னது பதினெட்டுக் குழி. பரப்புக்கு இரண்டு புசல் விளைந்தது என்று ஒரு முதியவர் சொன்னால், நெல்லுப் பரப்பில் அது ஏக்கருக்கு 48 புசல். வரகுப் பரப்பில் 32 புசல். புசலோ முகத்தலளவை. ஈரநெல்லும் காய்ந்த நெல்லும் அதில் ஒரே எடையாக இரா. எந்தப் பரப்பு, எந்த நெல் என்று கேளாமல், பாட்டன் காலத்து விளைச்சலைப் புகழ்வோரும் பழிப்போரும் ஒரே பிழையையே செய்கின்றனர்.

இவையெல்லாம் சிறு பிழைகள். பெரும் பிழை வேறொன்று. சராசரி விளைச்சல் என்பது அறுவடை செய்த பரப்பால் வகுத்துப் பெறுவது. விதைத்த பரப்பால் அன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் பத்து ஏக்கர் விதைத்து, ஏக்கருக்கு 35 புசலாக 350 புசல் அறுத்தார்கள். மறு ஆண்டு கார்த்திகை மழை பொய்த்தது. நான்கு ஏக்கர் கருகிப் போயிற்று. தப்பிய ஆறு ஏக்கரும் தாழ்ந்த நல்ல நிலம். ஏக்கருக்கு 40 புசல் கொடுத்தது. ஊருக்கு வந்தது 240 புசல். சராசரியோ 35இலிருந்து 40 ஆக உயர்ந்துவிட்டது! விதைத்த பரப்பால் வகுத்தால் 24தான். நான்கு ஏக்கர்க்காரன் கடன்பட்டு வாங்கிய விதையும் உழவுகூலியும் எந்த நிரலில் இருக்கின்றன? விதைத்த பரப்பும் அச்சிடப்படுகின்றது என்பது மெய். மேடையில் ஏறுவது மட்டும் சராசரி நிரல்.

ஆறில்லாத, மழையை மாத்திரம் நம்பிய காலபோகச் செய்கை நம்முடையது. பயிர் முழுதாக அழிவது இங்கே புதுமையன்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டு வெளியேறியது விதைப்புக் காலத்தில். விதைத்துவிட்டுப் போனவனின் வயல் அறுத்த வயற் கணக்கில் எப்படி வரும்? 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்ட நிலத்துக்கு விளைச்சலும் இல்லை. விளைச்சற் குறைவும் இல்லை. இத்தகைய ஆண்டுகளைக் கோட்டின் ஒரு நுனியாக வைத்து ஏற்றமோ இறக்கமோ காட்டுவது வரலாற்றை அழிப்பதாகும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததும், அடுத்த பெரும்போகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அந்தச் சரிவையும் கமக்காரனின் சோம்பல் என்று எழுதுவார்களோ?

பொலனறுவைக்குப் பராக்கிரம சமுத்திரம் உண்டு, மகாவலி உண்டு. ஏக்கர் ஒன்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கில் அந்த நீருக்கு விலை இல்லை. நம் வயலோ வரம்பு கட்டி மழையைத் தேக்கிச் சுண்ணக்கல்லின் அடியே இறக்குகின்றது. அந்த நீரைத்தான் தோட்டக் கிணறுகளில் இறைக்கின்றோம். மொட்டைக்கறுப்பன் தந்த நெடிய வைக்கோலை மாடு தின்றது. அதுவும் விளைச்சலில் சேரவில்லை.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை விதைத்து வருகின்றனர். அங்கே எருவே இடாத ஒரு துண்டையும் கைவிடாமல் அளக்கின்றனர். நம் ஊர்களுக்கு அத்தகைய நீண்ட கணக்கு வேண்டும். விதைத்த பரப்பால் வகுத்த விளைச்சல் வேண்டும். அழிந்த வயலுக்குத் தனி நிரலும், அழிந்த காரணமும் வேண்டும். கமக்காரர் அமைப்புகள் அடுத்த போகக் கூட்டத்திலேயே இதைக் கேட்கலாம். வயலை நிரப்ப அனுமதி கோரும் விண்ணப்பத்தோடு அந்த ஊரின் இருபது ஆண்டுக் கணக்கையும் வைக்கச் சொல்லலாம்.