ஆலை நிறைந்த ஊரில் இலுப்பைப்பூ

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்பது இல்லாமையிலிருந்து பிறந்த பழமொழி. கரும்பாலை இல்லாத, வெல்லம் வாங்கக் கையில் காசில்லாத ஊரில், மரத்தடியில் உதிர்ந்து கிடந்த இலுப்பைப்பூவைப் பொறுக்கி இனிப்புக்குப் பயன்கொண்டார்கள். அதில் குறைகாண ஏதுமில்லை. இன்றைய நிலையோ நேர்மாறானது. உலகிலேயே மிகுதியாகச் சர்க்கரையை நுகரும் நாடு இந்தியா. தெருமுனைத் தேநீர்க்கடை முதல் திருமண மண்டபம் வரை இனிப்புக்குப் பஞ்சமில்லை. இப்படி ஆலை நிறைந்துவிட்ட ஊரில் நாம் மறுபடியும் இலுப்பைப்பூவைத் தேடுகிறோம். இம்முறை அது சிறு வெள்ளை மாத்திரையாகக் கைப்பையில் இருக்கிறது.

உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொள்வோர்க்கு இறுதிவரை உடன்வரும் இடர் இனிப்பு வேட்கைதான். சோற்றைக் குறைக்க முடிகிறது. எண்ணெயைக் குறைக்க முடிகிறது. மாலை நான்கு மணிக்கு நாக்கு கேட்கும் கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முடிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான பேராய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. நம்மில் ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் இக்கணக்கில் அடங்கும் ஒருவரேனும் இருக்கிறார். எனவே இது சிலருடைய உடல் அழகு பற்றிய பேச்சன்று. செயற்கை இனிப்பூட்டிகளின் துணையின்றியே இவ்வேட்கையை ஆள முடியும் என்பதும், அதுவே நல்ல வழி என்பதும் நம் கருத்து.

செயற்கை இனிப்பின் கதை 1879-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், ஒருநாள் கையைச் சரிவரக் கழுவாமல் உணவுக்கு அமர்ந்தார்; ரொட்டி இனித்தது. சாக்கரின் அகப்பட்ட கதை இது என்பர். முதல் உலகப்போரில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஐரோப்பியர் அதைப் பெரிதும் நாடினர். அன்று அது உள்ளபடியே ஆலையில்லா ஊரின் இலுப்பைப்பூ. பின்னர் 1965-இல் அஸ்பார்டேமும் 1976-இல் சுக்ரலோஸும் கண்டறியப்பட்டன. முன்னது சர்க்கரையினும் ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பது. பின்னது 600 மடங்கு.

உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நெடுங்கால நோக்கில் உடற்கொழுப்பைக் குறைக்க இவை உதவவில்லை என்பது அதன் முடிவு. சீனித்துளசியிலிருந்து பெறப்படும் ஸ்டீவியாவும் அப்பட்டியலில் அடக்கம். இது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையே என்பதையும், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை இது கருத்தில் கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. அதே ஆண்டு ஜூலையில் அஸ்பார்டேம் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்னும் வகையில் வைக்கப்பட்டபோது பெரும் பரபரப்பு எழுந்தது. ஆனால் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்னும் பழைய வரம்பை வல்லுநர் குழு மாற்றவில்லை. ஆகவே மாத்திரையை நஞ்சென்று தூற்றுவது நம் நோக்கமன்று.

நம் மறுப்பு வேறு வகையானது. மாத்திரை சர்க்கரையை அகற்றுகிறது. வேட்கையை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கிறது. காப்பி என்றால் இவ்வளவு இனிக்க வேண்டும் என்று நாக்கு வகுத்துக்கொண்ட அளவு இம்மியும் குறைவதில்லை. மாணவனைப் பார்த்தெழுதவிட்டு, மதிப்பெண்ணைக் கண்டு அவனுக்குப் பாடம் வந்துவிட்டது என்று மகிழ்வதைப் போன்றது இது. மாத்திரை கைவசம் இல்லாத நாளில், உறவினர் வீட்டுக் கூடத்தில், ஜாங்கிரித் தட்டின் முன்னால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

மாத்திரையை மறுப்போரில் பலர் ஓடிச் சேரும் இடம் இன்னொன்று உண்டு. அது கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் என்னும் மரபின் நிழல். மரபின் மேல் நமக்குள்ள மதிப்பு யாருக்கும் குறைந்ததன்று; தமிழ் பயிற்றுவித்து உண்பவர்கள் நாம். ஆயினும் கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதியாக இருப்பது சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே. தாது உப்புகள் சிறிது உண்டு. அவற்றை நம்பி வெல்லம் தின்றால் உப்புக்கு முன் சர்க்கரை உடலில் ஏறிவிடும். நூறு கிராம் வெல்லம் தரும் ஆற்றலும் நூறு கிராம் சர்க்கரை தரும் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே. தேனையும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. கருப்பட்டிக்கு மணமும் சுவையும் தனி. அதற்காக உண்போம், அளவோடு உண்போம். மருந்து என்று பெயர் சூட்டி இருமடங்கு உண்ண வேண்டாம்.

அப்படியானால் வழி என்ன? முதல் வழி, நாக்கை மெல்ல மெல்லப் பழக்குவது.

ஒரு சிறு கணக்கு. 2015-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நன்று. மட்டமாக எடுத்த தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். நாளுக்கு நான்கு தம்ளர் காப்பி, தம்ளருக்கு இரண்டு கரண்டி என்றால் 32 கிராம். லட்டு, மைசூர்பாகு எதையும் தொடாமலேயே அந்த நல்ல வரம்பைக் கடந்துவிடுகிறோம். நம்மை வீழ்த்துவது தீபாவளிப் பலகாரம் அன்று; கணக்கில் வராத இந்த அன்றாடக் கரண்டிகள்தாம்.

இவற்றை ஒரே நாளில் நிறுத்துவது வீரம், நிலைப்பது அரிது. பதினைந்து நாளைக்குக் கால் கரண்டி எனக் குறைத்து வந்தால், இரண்டு கரண்டி அரைக் கரண்டியாவதற்கு மூன்று மாதம் ஆகும். முதல் நான்கைந்து நாள் காப்பி கசக்கும். பிறகு அதுவே வழக்கமாகிவிடும். இது வெறும் ஆறுதல் மொழியன்று. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தார் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சர்க்கரையைக் குறைத்து உண்டவர்கள் மூன்றாம் மாதத்தில் அதே பண்டத்தை மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாக இனிப்பதாக உணர்ந்தனர். ஆனால் இனிப்பின்பால் அவர்களுக்கிருந்த விருப்பம் குறைந்துவிடவில்லை. இரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும். நாக்கு கூர்மை பெறும், ஆசை அற்றுப்போகாது. ஆசை அறவே ஒழியும் என்று எதிர்பார்த்துத் தொடங்குகிறவர்களே முதல் சறுக்கலில் எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள்.

இரண்டாம் வழி, வேட்கையின் வேரைப் பார்ப்பது. மாலை நான்கு மணி வேட்கையில் பாதி வெறும் பசி. காலையில் இரண்டு இட்டிலியோடு வகுப்புக்கு ஓடி, நண்பகலில் சோற்றைக் குறைத்து, பருப்பையும் காய்கறியையும் கூட்டாமல் விட்டவர்க்கு மாலையில் இனிப்பு தோன்றாமல் வேறென்ன தோன்றும்? பயறும் பருப்பும் முட்டையும் மோரும் காலை, நண்பகல் உணவில் போதிய அளவு இருந்தால் மாலையின் குரல் தணியும். மாலைச் சிற்றுண்டியாகக் கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, ஒரு கொய்யா. கொய்யாவிலும் இனிப்பு உண்டு. ஆனால் அது நாரோடு சேர்ந்து, மெல்லும் உழைப்போடு வருகிறது. உறக்கம் குன்றிய நாள்களில் இனிப்பின் மேல் நாட்டம் மிகுவதும் ஆய்வுகளில் கண்ட உண்மை. விடைத்தாள் திருத்தும் காலத்தில் ஆசிரியர் அறையில் பிஸ்கட் தீரும் வேகம் இதற்குச் சான்று.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்க்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, இனிப்பு வேண்டும் போலிருந்தால் அது வேட்கையன்று. இரத்தச் சர்க்கரை தாழ்வதன் அறிகுறியாக இருக்கலாம். அந்நேரத்தில் சர்க்கரையே மருந்து. அங்கே மன உறுதியைச் சோதித்துப் பார்ப்பது அறியாமை.

மூன்றாவதாக, நம் மண்ணிலேயே இரண்டு துணைகள் உண்டு. ஒன்று சிறுகுறிஞ்சான். இதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைப் போலிருக்கும். இலையில் உள்ள அமிலங்கள் நாவின் இனிப்புணர்வை அரைமணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ மறைத்துவிடுகின்றன. மருந்துண்ணும் நீரிழிவாளர்கள் மருத்துவரைக் கேளாமல் இதை நாள்தோறும் கொள்ளலாகாது. மற்றொன்று நெல்லிக்காய். புளித்துத் துவர்த்துப் பின் ஒரு மிடறு நீர் பருகினால் அந்நீர் இனிக்கும். சர்க்கரை ஒரு துகளும் இல்லாத இனிப்பு அது. பிற சுவைகளின் வழியே நடந்து சென்று சேரும் இனிப்பு.

இவ்விடத்தில் தமிழ் கற்றோர் நெஞ்சில் ஒரு பெயர் எழாமலிராது. கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். அதே அதியமான் ஔவைக்கு அளித்ததோ நெல்லிக்கனி. கரும்பைக் கொண்டுவந்த குடியில் பிறந்தவன், தான் பெரிதும் மதித்த புலவர் நெடுங்காலம் வாழ வேண்டும் என எண்ணியபோது கையில் எடுத்தது நெல்லியை. இதை ஒரு மருத்துவக் குறிப்பாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அறுசுவையில் இனிப்பு ஒன்று மட்டுமே என்பதை மறந்துவிட்ட நமக்கு இது நல்ல நினைவூட்டல். நம் அன்றாட உணவிலிருந்து கசப்பும் துவர்ப்பும் ஏறத்தாழ விடைபெற்றுவிட்டன. சுண்டைக்காய், பாகற்காய், வாழைப்பூ, அகத்திக்கீரை எல்லாம் முதியோர் பேச்சில் மட்டும் இருக்கின்றன. ஐவர் எழுந்து போன அவையில் எஞ்சியவரின் குரல் ஓங்கி ஒலிப்பதில் வியப்பென்ன?

பழந்தமிழர் இனிப்பை வெறுத்தவர்கள் அல்லர். மதுரைக்காஞ்சியில் இரவுநேரக் கடைத்தெருவில் அடையும் மோதகமும் விற்றவர்கள் தம் பண்டங்களோடு கண்ணயர்ந்து கிடக்கும் காட்சியை மாங்குடி மருதனார் காட்டுகிறார். இனிப்பு இருந்தது, அதற்கு ஒரு பொழுதும் இடமும் இருந்தன. திருப்பாவையைப் பாருங்கள். இரண்டாம் பாசுரத்தில் ஆயர் சிறுமியர் நெய்யையும் பாலையும் விலக்குகின்றனர். இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் முழங்கை வழியே வழியப் பாற்சோறு உண்ணக் காத்திருக்கின்றனர். நோன்புக்கு ஓர் எல்லை உண்டு. எல்லையில் விருந்து உண்டு. இரண்டிலும் தோழியர் உண்டு. நாம் ‘டயட்’ என்று சொல்லிக்கொள்வதில் இம்மூன்றும் இல்லை. எல்லையின்றி, விருந்தின்றி, தனியொருவராக மேற்கொள்ளும் துறவு அது. முறிவதில் வியப்பில்லை; முறிந்தபின் குற்றவுணர்வோடு ஒளித்து உண்பதே மிகக் கொடிது.

ஆகவே நாம் பரிந்துரைப்பது இது. அன்றாடத்திலிருந்து இனிப்பை விலக்கி, அதற்கு ஒரு நாளைக் குறியுங்கள். அந்நாளில் மாற்றுப் பொருளைத் தேடாமல் உண்மையான இனிப்பையே, வெறும் வயிற்றில் அன்றி உணவோடு சேர்த்து, அமர்ந்து, மெல்லத் தின்னுங்கள். பழகிய நாவுக்குப் பாதி அதிரசமே நிறைவு தரும். நீரிழிவு உடையோர் அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சியது உடனிருப்போர் கடமை. இனிப்பை நீட்டுவது நம்மவர்க்கு அன்பின் மொழி. மறுப்பது அவமதிப்பாகக் கொள்ளப்படுகிறது. “ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க, ஒண்ணும் ஆகாது” என்னும் அன்பு எத்தனை பேரின் மூன்றுமாத உழைப்பைக் கரைத்திருக்கிறது! மறுத்தவரிடம் “சுகரா?” என்று சபை நடுவே கேட்பதும் நம் வழக்கமாகிவிட்டது. நாம் பணியாற்றும் துறையில் ஈராண்டுகளாக ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். பதவி உயர்வோ பிள்ளைப்பேறோ, இனிப்பு வந்தால் அதை மேசைமேல் வைத்துவிடுவது. யார் கையிலும் திணிப்பதில்லை. எடுக்காதவரைக் காரணம் கேட்பதில்லை. பக்கத்தில் ஒரு தட்டு நெல்லிக்காயும் உப்பும் இருக்கும். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். இதுவரை எவருடைய மகிழ்ச்சியும் இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.