பட்டா இடத்து மரம் ரோட்டில் விழுந்தால்?

1/ போன ஐப்பசி மழையில ஒரு நைட் டூட்டி. 40 வயசு இருக்கும், கொத்தனார். பைக்கில் வீடு திரும்பும்போது, ரோட்டோரத் தோப்புக்குள்ள பட்டுப்போய் நின்ன தூங்குமூஞ்சி மரத்தின் கிளை முறிஞ்சு முதுகில் விழுந்திருக்கு. கேஷுவால்டியில் அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், எனக்கு கால் இருக்கா?"

2/ கால் இருந்தது. உணர்ச்சி இல்லை. முதுகெலும்பு முறிஞ்சு தண்டுவடம் அடிபட்டிருந்தது. மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி வெச்சோம்.

3/ அவர் மனைவி சொன்னது: "ரெண்டு வருசமா சொல்றோம் சார். தோப்புக்காரர் 'என் மரம், நான் பாத்துக்குறேன்'னாரு. பஞ்சாயத்துல 'பட்டா இடம், நாங்க கை வைக்க முடியாது'ன்னுட்டாங்க."

4/ கை வைக்க முடியாதுங்கறது பாதிதான் உண்மை. பஞ்சாயத்தால முடியாம இருக்கலாம். ஆட்சியரும் ஆர்டிஓவும் செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133. 2024 ஜூலை முதல் பிஎன்எஸ்எஸ் பிரிவு 152.

5/ விழுந்து அக்கம்பக்கத்தவருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் உண்டாக்கக்கூடிய மரத்தை அகற்றச் சொல்லியோ, முட்டுக் கொடுக்கச் சொல்லியோ உரிமையாளருக்கு உத்தரவு போடலாம். அவர் ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு உண்டு. உத்தரவு உறுதியான பிறகும் செய்யலைன்னா, அரசே செய்துட்டு செலவை அவர்கிட்ட வசூலிக்கலாம்.

6/ அப்போ பிரச்சினை எங்கே? யாராவது மனு எழுதி ஆர்டிஓ ஆபீஸ் படி ஏறணும். தினக்கூலிக்குப் போறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு, பக்கத்து நிலத்துக்காரரைப் பகைச்சுக்கிட்டு இதைச் செய்வாரா? மாட்டார். கடைசியில ஏஆர் புக்கில் நான் எழுதறேன். போலீசுக்குத் தகவல் போகுது. எல்லாமே மரம் விழுந்த பிறகு.

7/ என் கருத்து இதுதான். வருசா வருசம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி விஏஓ ஒரு சுற்று வரட்டும். ரோடு, ஸ்கூல், வீடுகள் பக்கம் ஆபத்தா நிக்கிற தனியார் மரங்களைப் பட்டியல் எடுத்து ஆர்டிஓவுக்கு அனுப்பட்டும். கெடு வெச்சு நோட்டீஸ். ஏழை உரிமையாளர்னா செலவை அரசே ஏத்துக்கணும். ஏறுற ஆளு, கயிறு, கிரேன்னு ஆயிரக்கணக்கில் ஆகுற வேலை அது.

8/ "இதைச் சாக்கா வெச்சு எல்லா மரத்தையும் வெட்டிடுவாங்களே டாக்டர்?" நியாயமான பயம். இலை கொட்டுது, வாஸ்து சரியில்லைன்னு வர்ற புகாரைத் தூக்கி ஓரமா வைங்க. மரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பார்த்த பிறகே முடிவு. கிளையைக் கழிச்சா போதும்னா அடிமரத்தைத் தொடக்கூடாது.

9/ வர்தா, கஜா மாதிரி புயலில் நல்ல மரமும் சாயும். அது வேற. பட்டுப்போன கிளை, பொந்து விழுந்த அடிமரம், அடியில் காளான், புதுசா ஒரு சாய்வு, வேரைச் சுத்தி மண்ணில் வெடிப்பு... இதெல்லாம் மரம் முன்கூட்டியே சொல்ற சேதி.

10/ மரம் விழுந்து யாராவது அடிபட்டா, கையையும் காலையும் பிடிச்சுத் தூக்காதீங்க. ஆபத்தில்லாத இடம்னா, கழுத்தையும் முதுகையும் அசைக்காம 108 வர்ற வரைக்கும் அப்படியே படுக்க வைங்க.

11/ இன்னைக்கு உங்க வீட்டு மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. நிழல் உங்களுக்கு, கிளை அடுத்தவன் முதுகுக்குன்னு இருக்கக்கூடாது.