கட்டியை எடுத்த பிறகும் ஏன் பரிசோதனை?

"கட்டியைத்தான் எடுத்தாச்சே டாக்டர், இன்னும் அதிலே என்ன பார்க்க இருக்கு? ரிப்போர்ட்டுக்கு இத்தனை நாள் காத்திருக்கணுமா?" மூளையில் கட்டி வந்தவரின் மனைவியோ தாயாரோ என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். செல்கள் வேகமாகப் பிரிகின்றனவா, புது ரத்தக் குழாய்கள் மண்டியிருக்கின்றனவா, நடுவே சதை செத்துக் கிடக்கிறதா என்று பார்த்து 1 முதல் 4 வரை கிரேடு போடுவார்கள். எண் கூடினால் கட்டியின் வேகமும் கூடுதல். 1926-ல் அமெரிக்காவில் பெய்லி, குஷிங் என்ற இரு டாக்டர்கள், செல்லின் தோற்றத்தையும் நோயாளி எத்தனை காலம் வாழ்ந்தார் என்பதையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கட்டிகளில் ஒன்று பல வருஷம் விட்டு வைக்கும், மற்றொன்று வைக்காது. காரணம் செல்லுக்குள்ளே இருக்கும் ஜீன்களில் இருக்கிறது. ஆகவே பெரியவர்களுக்கு வரும் கிளியோமா வகைக் கட்டிகளில் முக்கியமாக மூன்று விஷயம் பார்க்கிறோம்.

முதலாவது ஐ.டி.ஹெச். என்ற ஜீன். கட்டியில் இதன் மாற்றம் 2008-ல் தெரியவந்தது. இதில் மாற்றம் இருந்தால், இல்லாதவர்களைவிடப் பொதுவாக அதிக காலம் வாழ்கிறார்கள். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டில், இதைப் பார்த்துத்தான் கட்டிக்குப் பெயரே வைக்க வேண்டும் என்றாகிவிட்டது.

இரண்டாவது, அந்த மாற்றத்தோடு 1-வது, 19-வது குரோமோசோம்களில் ஒவ்வொரு துண்டும் காணாமல் போயிருந்தால், அது ஆலிகோடென்ட்ரோகிளியோமா. ரேடியேஷனுக்கும் மருந்துக்கும் நன்றாகவே மசியும். பத்து வருஷம் தாண்டி வாழ்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது எம்.ஜி.எம்.டி. டெமோசோலமைடு மாத்திரை புற்றுச் செல்லின் டி.என்.ஏ.வைப் பழுதாக்கும். இந்த ஜீன் அதைச் செப்பனிட்டுவிடும். ஜீன் அடைபட்டிருந்தால் மருந்து பலிக்கும். மிகக் கடுமையான கிளியோபிளாஸ்டோமாவில் 2005-ல் வெளியான ஆய்வில், ரேடியேஷனோடு இந்த மாத்திரையும் பெற்றவர்களில், ஜீன் அடைபட்டிருந்த 100 பேருக்கு 46 பேர் இரண்டு வருஷம் கடந்தார்கள். அடைபடாதவர்களில் சுமார் 14 பேர்தான்.

ஆகவே அவசரப்படாதீர்கள். ரேடியேஷன் தொடங்குவதற்கு முன் காயம் ஆறவே சில வாரம் வேண்டும். அந்த நாட்கள் வீணில்லை. ரிப்போர்ட் வந்ததும், "இந்த மூன்றும் பார்த்தீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மெழுகு பிளாக்கும் ஸ்லைடுகளும் பத்திரமாக இருக்கட்டும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவற்றிலிருந்தே பெரும்பாலும் சோதித்துவிடலாம்.

ரிப்போர்ட்டில் 'கிரேடு 4' என்று கண்டதும், "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று சொந்தக்காரர்கள் அழ ஆரம்பிப்பார்கள். புள்ளிவிவரம் நூறு பேருக்கானது. உங்கள் வீட்டுக்காரர் ஒருவர். அவருடைய வயது, எவ்வளவு கட்டி எடுக்கப்பட்டது, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்பதும் கணக்கில் சேரும்.

கடைசியாக ஒன்று. ஜீன் என்றதும், "குழந்தைகளுக்கும் வருமோ?" என்று தாய்மார்கள் நடுங்குகிறார்கள். நான் சொன்ன மாற்றங்கள் கட்டியின் செல்லில் மட்டும் உண்டானவை, பிள்ளைகளுக்குப் போகாது. அந்தக் கவலையை இன்றே விட்டுவிடுங்கள்.