முற்றுப்புள்ளிகளால் அறுபடும் கட்டுரைகள்

முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால், பத்தாம் வகுப்பு மாணவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: “தூத்துக்குடி முத்து நகரம். இங்கு முத்துக்குளித்தார்கள். 1961இல் கடைசியாகக் குளிப்பு நடந்தது. இப்போது நடப்பதில்லை. 1973இல் வளர்ப்பு முத்து எடுத்தார்கள்.” தகவலில் தவறில்லை, எழுத்துப்பிழை இல்லை, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் இந்த ஐந்து வாக்கியங்களுக்குள் என்ன உறவு என்று அவர் சொல்லவே இல்லை. ஒன்று நின்றதால் மற்றது தொடங்கியதா, நின்றபோதும் தொடங்கியதா என்பதை வாசிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். காரணம், நிபந்தனை, முரண் ஆகியவற்றைத் தாங்கிவரும் துணைத்தொடர்களை எழுதப் பழகாத மாணவர், தகவல்களைச் சேகரிக்கிறாரே தவிர வாதம் செய்வதில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

முத்துக்குளிப்பின் வரலாறே நிபந்தனைகளால் ஆனது. கடலடியில் சிப்பி படியும் இடங்களைத் தூத்துக்குடியில் ‘பார்’ என்பார்கள். அந்தப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைக்கும் முத்துகளை மதிப்பிட்டு, தேறும் என்று தெரிந்தால்தான் அரசு குளிப்பை அறிவித்தது. சிப்பி முற்றாமல் இருந்தால் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கும்போதே நீரோட்டமோ மணலோ சிப்பி தின்னும் மீனோ பாரை வெறுமையாக்கிவிடவும் கூடும். குளிப்பே நடக்காத நீண்ட இடைவெளிகள் மன்னார் வளைகுடாவுக்குப் புதியவையல்ல. 1955இல் மறுபடி தொடங்கிய குளிப்பு 1961இல் ஓய்ந்ததும் அப்படியொரு இடைவெளி என்றே கருதப்பட்டிருக்கும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் 1972இல் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கி, அடுத்த ஆண்டே உருண்டை முத்தை எடுத்துக் காட்டியது. “இயற்கைப் பார்கள் கைவிட்டாலும் அதே கரையில் முத்து விளைந்தது” என்று எழுதும் மாணவர் ஒரு கோணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். “முத்தை வளர்த்தெடுக்க முடிந்தாலும் குளிப்பு திரும்பவில்லை” என்று எழுதுபவர் வேறொரு கோணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், கடைசியில் நிற்பதற்கே எடை அதிகம். தூத்துக்குடியை ஆண்டுக்கணக்கில் உலுக்கிய தாமிர ஆலை விவகாரத்தையே பாருங்கள். “வேலை தந்தாலும் தண்ணீரைக் கெடுத்தது” என்பவரும், “தண்ணீரைக் கெடுத்தது என்றாலும் வேலை தந்தது” என்பவரும் ஒரே இரண்டு கூற்றுகளைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் நிற்பது எதிரெதிர் அணிகளில்.

பள்ளியில் இது கற்பிக்கப்படவில்லையா என்று கேட்கலாம். கற்பிக்கப்படுகிறது, இலக்கணப் பகுதியில். முதன்மைத்தொடரும் துணைத்தொடரும் சேர்ந்த கலவைத்தொடருக்கு விளக்கம் உண்டு, “கலவைத்தொடராக மாற்றுக” என்ற பயிற்சியும் உண்டு. ஆனால் கட்டுரைப் பகுதிக்கு வந்ததும் அது மறந்துபோகிறது. அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, தனியாக நடத்தப்படும் இலக்கணப் பாடம் எழுத்தை மேம்படுத்தவில்லை என்றும், சிறு வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சி மேம்படுத்தியது என்றும் காட்டியது. அது ஆங்கிலம் பற்றியது. தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் துணைத்தொடரை உருவாக்கும் எச்சத்தை மனப்பாடம் செய்வதும் எச்சத்தால் சிந்திப்பதும் வேறு வேறு என்பது நம் வகுப்பறைக்கும் பொருந்தும்.

என் வாதத்துக்கு மறுப்புகளும் உண்டு. சிறிய வாக்கியம்தான் நல்ல வாக்கியம் என்பது பத்திரிகைக்காரர்களின் வேதம். அரசாணைகளின் மூச்சுமுட்டும் வாக்கியங்களைப் படித்தவர் யாரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் அங்கே கோளாறு நீளத்தில் இல்லை. எது முதன்மை, எது துணை என்று எழுதியவருக்கே தெரியாததில் இருக்கிறது. ஐந்து சொல்லிலும் துணைத்தொடர் அமையும். கலவைத்தொடர் ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம் என்பவர்களும் உண்டு. ஆனால் தொல்காப்பிய வினையியலே பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் பேசுகிறது. ஆங்கிலச் சாயல் என்று சொல்ல வேண்டுமானால், நாலு வரிக்கு ஒரு ‘ஏனென்றால்’ போட்டு ஒட்டுப்போடும் பழக்கத்தைச் சொல்லலாம். பிள்ளைகள் பேச்சில் இயல்பாகச் செய்வதைத் தனியாக ஏன் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வி இவற்றைவிட வலுவானது. “காத்து அடங்கினாத்தான் வலை விடுவாங்க” என்று கடற்கரைப் பிள்ளை சரளமாகச் சொல்லும். அந்த ‘அடங்கினாத்தான்’ தாளுக்கு வரும்போது காணாமல் போகிறதே, அதற்காகத்தான். தவறு செய்யாமல் தப்பிக்க முற்றுப்புள்ளியே பாதுகாப்பு என்று பிள்ளைக்குப் பழக்கியது நாம்தான்.

இதற்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக மூன்று செய்திகள்: தூத்துக்குடிக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்வளம் பெருகவே இந்தத் தடை. அதே நாட்களில் படகுத் தொழிலாளிக்கு வருமானம் நின்றுபோகிறது. இந்த மூன்றையும் கொடுத்து, ஒரே வாக்கியத்தில் உன் கருத்து தெரிய எழுது என்று கேட்கலாம். விடைகள் வேறுபடும். வினாத்தாள் தயாரிப்பவர்களும் திருத்துபவர்களும் அந்த வேறுபாட்டுக்கு மதிப்பெண் ஒதுக்க முன்வர வேண்டும்.