லோன் எடுத்துக் கெட்ட சனமா?

“வன்னிச் சனத்துக்குக் காசின் அருமை தெரியாது. டி.வி.க்கும் மோட்டார் சைக்கிளுக்கும் லோன் எடுத்தே கெட்டுப்போச்சு.” கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த வீடுகளிலும் படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள். அநியாயமான பழி இது.

2009 மே மாதம் போர் முடிந்தபோது அந்தச் சனத்திடம் உடுத்த உடுப்புத்தான் மிச்சம். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வன்னியின் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பியவர்கள் கண்டது கூரையில்லாத சுவரையும் தூர்ந்த கிணற்றையும். இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தது, நல்ல காரியம். ஆனால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் அந்தத் தொகைக்குள் அடங்கவில்லை. வங்கிக்குப் போனால் அரச உத்தியோகத்தரைப் பிணைக்குக் கூட்டிவரச் சொன்னார்கள். கூலிக்குப் போகும் விதவைக்கு எந்த உத்தியோகத்தர் கையெழுத்து வைப்பார்? அந்த நேரம் பார்த்து நுண்கடன் கம்பனி படலைக்கே வந்தது. அயலில் நாலைந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும் என்றது.

பெரும்போக நெல் மாசி, பங்குனியில்தான் காசாகும். தவணையோ வாராவாரம். முற்றத்தில் குழு கூடும்போது ஒருத்தியிடம் காசில்லை என்றால் மற்றவர்கள் எழும்ப முடியாது. அவளுடைய பங்கையும் அவர்களே போட வேண்டும். பிள்ளைக்குப் பால்மா வாங்க முடிந்து வைத்த காசு அங்கே அவிழும். அடுத்த கிழமை இன்னொரு கம்பனியில் எடுத்து இந்தக் கம்பனிக்குக் கட்டுவாள். வறட்சி வந்து வயலும் பொய்த்தபோது அதற்கும் வழியில்லாமல் போனது.

2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுவதாகவும், வட்டியை 35 வீதத்துக்குள் கட்டுப்படுத்துவதாகவும் அரசு அறிவித்தது. கட்டுப்படுத்திய வட்டியே 35 என்றால் அதுவரை வாங்கியது எவ்வளவு? அதே ஆண்டு இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் யுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, தவணை கேட்டு வருபவர்கள் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். 2021இல் பொலனறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களும் டி.வி. ஆசையில் கெட்டவர்களா?

டி.வி. வாங்கிய வீடுகள் உண்டு. பதுங்குகுழிக்குள் வளர்ந்த பிள்ளை படம் பார்க்க ஆசைப்பட்டால் அது குற்றமா? பஸ் வராத ஊரில் மீன்பெட்டி கட்டிச் சந்தைக்குப் போக மோட்டார் சைக்கிள் ஆடம்பரமா?

புத்தி சொல்வதை நிறுத்துங்கள். கிராமத்துச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசு முதல் கொடுக்கட்டும், புலம்பெயர்ந்தவர்களும் கொடுக்கலாம். அறுவடை முடிந்து கட்டும் கடனாக அது இருக்கட்டும். பொழுதுபட்ட பிறகு தவணை கேட்டுப் பெண்கள் வீட்டுப் படலையைத் தட்டுபவனைப் பொலிஸ் பிடிக்கட்டும்.